மழை தெரியாத அறிக்கை

கேள்வி: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நிபுணர்களின் வேலைதானே? கிராமத்தாரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?
(ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் மலைக்குப் பக்கத்திலேயே, திருவண்ணாமலை அருகே இருக்கும் கவுத்தி, வேடியப்பன் மலைகளைப் பாருங்கள். இரும்புத்தாது வெட்ட அங்கே சுமார் 325 ஹெக்டேர் காட்டு நிலம் கேட்கப்பட்டது. 2008 டிசம்பரில் நடந்த கருத்துக்கேட்பில் சுற்றுவட்டார மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளுக்குப் பெரும்பாலும் ஒரே பருவத்தின் தரவு போதும். அதுவும் மழைக்காலம் நீங்கலாக. மழையில் மட்டும் ஓடி ஏரியை நிரப்பும் ஓடை அந்தக் கணக்கில் எப்படி வரும்? கோடைதோறும் கிணற்றுக் கயிறு எத்தனை முழம் கூடுதலாக இறங்குகிறது என்று பார்த்தே வளர்ந்தவருக்கு அந்த ஓடையும் தெரியும். தூசியையும் உலோகக் கலப்பையும் அளக்க நிபுணர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எங்கே, எப்போது அளப்பது என்பதை ஊர்தான் சொல்ல முடியும்.

எதற்கெடுத்தாலும் எதிர்ப்பவர்கள் என்று கிராமத்தாரைச் சொல்வது நியாயமில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி தமிழில் கட்டாயமாகத் தரவேண்டியது சுருக்கம் மட்டுமே. முழு அறிக்கையைப் படிக்கத் தராமல், எதிர்ப்பில் தரவு இல்லை என்று குறை சொல்லலாமா? ஊரைக் கேட்டதற்கு முன்னுதாரணமும் உண்டு: ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கிராம சபைகளிடமே முடிவைக் கேட்டது. பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன.