ஆலை வரும் ஊரில் கடை திறக்கும் முன்

ஓர் ஊருக்கு உயர் தொழில்நுட்ப ஆலை வருகிறது என்ற செய்தி வந்ததுமே நாம் கடைக்கு இடம் தேடத் தொடங்கிவிடுகிறோம். முன்பணம் கொடுக்கிறோம், சரக்கை இறக்குகிறோம், பற்று எழுதியும் கொடுக்கிறோம். அந்த வட்டாரத்தின் வளர்ச்சி நிலைக்குமா என்று எடைபோடுவதும் வணிகர் கற்க வேண்டிய பாடமே. இதற்கு ஸ்ரீபெரும்புதூரை எடுத்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் இது. அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா செல்போன் ஆலை இயங்கத் தொடங்கியது. உதிரிப்பாக நிறுவனங்களும் கூடவே வந்தன. நோக்கியாவில் மட்டும் ஒரு கட்டத்தில் சுமார் 8 ஆயிரம் பேர் வேலை செய்தனர்.

2013-இல் வருமான வரித் தகராறில் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை கைமாறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் உற்பத்தி நின்றது. டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

ஆனால் நெடுஞ்சாலையும் துறைமுகமும் பழகிய தொழிலாளரும் அங்கேயே இருந்தனர். பாக்ஸ்கான் திரும்பி வந்து, 2019-இல் அங்கே ஐபோன் தயாரிக்கத் தொடங்கியது. மூடிய நோக்கியா வளாகத்தைச் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. வட்டாரம் பிழைத்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளின் வாடகையைக் கட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்க எத்தனை சிறு கடைகளால் முடியும்?

ஆகவே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவோம்.

1. ஊரில் ஆலைகள் பல இருக்கலாம். அவற்றின் சரக்கை வாங்குவோர் எத்தனை பேர்? பத்து ஆலைகள் ஒரே கம்பெனிக்குப் பாகம் செய்தால், அது ஒரே ஆலை இருப்பதற்குச் சமம்.

2. பாகங்கள் அங்கேயே தயாராகின்றனவா, வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டும் வேலை மட்டும் நடக்கிறதா? பூட்டும் வேலையை வேறிடத்துக்கு மாற்றுவது எளிது.

3. சம்பளம் எங்கே செலவாகிறது? வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. விடுதியில் சாப்பிடுபவர் கடையில் அரிசி, பருப்பு வாங்கமாட்டார். அவற்றை வாங்குபவர் சமையல் ஒப்பந்தக்காரர். அது மொத்த வியாபாரிக்கு உரிய வாய்ப்பு. சில்லறைக் கடைக்கு நிற்பது சோப்பு, துணி, செருப்பு, தின்பண்டம், ஊருக்குப் போகும்போது வாங்கும் பொருள்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. இன்றிரவு பேரேட்டைத் திறந்து, ஒரே ஆலையின் ஊழியர்களிடம் நிற்கும் பற்றைத் தனியே கூட்டுங்கள். அந்த ஆலை மூன்று மாதம் நின்றாலும் மொத்த வியாபாரிக்கு நாம் சொன்ன தேதியில் பணம் கட்ட முடியுமா? முடியும் என்றால் கவலையில்லை. முடியாது என்றால் நாளை முதல் புதிய பற்று எழுதுவதை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்வோம்.