பீர் கிட் வாங்கும்போது எடையைப் பாருங்கள்

பிரிட்டனில் வீட்டு பீர் சாமான் விற்கும் கடைக்குள் போனால், ஒரு சுவர் முழுக்க டின்களும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருக்கும். எல்லாவற்றிலும் நுரை ததும்பும் கோப்பையின் படம். பெரும்பாலானவற்றில் '40 பைன்ட்' என்ற ஒரே கணக்கு, அதாவது ஏறக்குறைய 23 லிட்டர். விலை மட்டும் ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்கு வரை வேறுபடும். புதிதாக வருகிறவர்கள் படத்தையும் பெயரையும் பார்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். பார்க்க வேண்டியது பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் எடையை. உள்ளே எத்தனை கிலோ மால்ட் சாறு இருக்கிறது என்பதே நீங்கள் குடிக்கப்போகும் பீரின் தரத்தில் பாதி. மற்ற பாதி ஈஸ்ட்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து சொந்த உபயோகத்துக்கு எவ்வளவும் தயாரிக்கலாம், விற்கத்தான் கூடாது. இன்றைய கிட் வியாபாரம் வளர்ந்தது இந்த மாற்றத்தின் மேல்தான். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் தயாரிக்கலாம். அங்கும் விற்பனை கூடாது. தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் தயாரிப்பதே குற்றம். ஆகவே இது கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கான வழிகாட்டி.

பீர் தயாரிப்பில் நேரம் தின்னும் வேலை முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்குவதும், அந்தச் சாற்றைக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைப்பதும். கிட் தயாரிக்கும் ஆலை இந்த இரண்டையும் முடித்து, தண்ணீரை வற்றவைத்து, சாற்றை டின்னில் அடைத்துத் தருகிறது. மூடியைத் திறந்தால் கம்பிப்பாகு பதத்தில் கரும்பழுப்பாக, கரண்டியை விட்டு இறங்க மறுக்கும். டின்னைக் கால்மணி நேரம் சுடுநீரில் நிறுத்தினால்தான் இளகும். பிறகு வாளியில் ஊற்றி, கொதிநீரில் கரைத்து, குளிர்ந்த நீரால் 23 லிட்டராக்கி, சூடு 20 டிகிரி அளவுக்கு இறங்கியதும் ஈஸ்ட்டைத் தூவ வேண்டியதுதான். உங்கள் பங்கு வேலை அரைமணி நேரம்.

மலிவானது ஒற்றை டின் கிட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1862-ல் தொடங்கிய கூப்பர்ஸ் நிறுவனத்தின் 1.7 கிலோ டின் இந்த வகையில் உலகெங்கும் கிடைக்கும். 23 லிட்டருக்கு 1.7 கிலோ மால்ட் போதாது. அதனால் இந்த வகை டின்களில் 'ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கவும்' என்று போட்டிருக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். மால்ட் மட்டும் கரைத்தால், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.022 அளவில் நிற்கும். சர்க்கரை சேர்த்ததும் 1.039-க்கு ஏறும். அதாவது ஈஸ்ட் தின்னப்போகும் இனிப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் சர்க்கரை. ஈஸ்ட் சர்க்கரையை மிச்சமில்லாமல் தின்றுவிடும். மால்ட்டில் அப்படியில்லை, ஈஸ்ட்டால் கடிக்க முடியாத சில இனிப்புகள் தங்கிப்போகும். பீருக்கு வாயில் ஒரு கனத்தைத் தருவது அந்த மிச்சம்தான். சர்க்கரை போட்ட பீரில் ஆல்கஹால் சற்றுக் கூடுதலாகவே வரும், ஆனால் தண்ணீராக இருக்கும். 'வீட்டு பீர் சுவைக்காது' என்று முகம் சுளிப்பவர்களில் பெரும்பாலோர் குடித்திருப்பது இதைத்தான் என்பது என் எண்ணம்.

ஒற்றை டின்னை ஒதுக்க வேண்டியதில்லை. சர்க்கரையை மட்டும் ஒதுக்குங்கள். அதற்குப் பதிலாக ஒரு கிலோ ஸ்ப்ரே மால்ட், அதாவது உலர்த்திப் பொடியாக்கிய மால்ட் சாறு, சேர்த்தால் ஏறக்குறைய அதே அளவு, 1.038, கிடைக்கும், முழுக்க மால்ட்டிலிருந்து. கையில் பணம் கொஞ்சம் இறுக்கம் என்றால் அரை கிலோ ஸ்ப்ரே மால்ட், அரை கிலோ குளுக்கோஸ். வேறொரு குறுக்குவழியும் சிலர் சொல்வார்கள்: சர்க்கரையே வேண்டாம், தண்ணீரைப் பாதியாகக் குறைத்து 12 லிட்டராகப் போட்டுவிடு என்று. அப்படிச் செய்யாதீர்கள். டின்னுக்குள் இருக்கும் ஹாப்ஸ் கசப்பு 23 லிட்டருக்கு அளந்து போட்டது. தண்ணீர் பாதியானால் கசப்பு இரட்டிப்பாகும்.

அடுத்தது இரட்டை டின் கிட், மொத்தம் 3 கிலோ. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஸ்டோமார்க்கெட்டில் இருக்கும் மண்டன்ஸ் மால்ட் ஆலையின் 'கோல்ட்' வரிசையும், நார்ஃபோக்கின் உட்ஃபோர்ட்ஸ் ஆலையின் 'வெர்ரி' பீருக்கான கிட்டும் இந்த ரகம். சர்க்கரை எதுவும் சேர்க்க வேண்டாம். 1.039, 1.040-ல் தொடங்கி 1.010 பக்கம் முடியும், ஆல்கஹால் ஏறக்குறைய 4 சதவீதம். முதல் தடவை தயாரிப்பவருக்கு என் பரிந்துரை இதுதான், யோசிக்காமல் சொல்வேன். ஒற்றை டின்னோடு நல்ல ஸ்ப்ரே மால்ட்டும் வாங்கினால் விலை கிட்டத்தட்ட இதற்கு வந்துவிடும்.

அடுத்து, பை கிட்டுகள். நியூசிலாந்தின் மாங்குரோவ் ஜாக்ஸ் போன்றவை டின்னுக்குப் பதில் கனமான பையில் சாற்றை அடைத்து, நொதித்தல் அடங்கிய பிறகு போடுவதற்குத் தனியாக ஹாப்ஸும் அந்த ரகத்துக்கேற்ற ஈஸ்ட்டும் தருகின்றன. ஐபிஏ, பேல் ஏல் ரசிகர்களுக்கு இது பெரிய வசதி. டின்னில் வற்றவைக்கும்போது ஹாப்ஸின் கசப்பு நிற்குமே தவிர மணம் நிற்காது, கடைசியில் புதிதாகப் போடுவதில்தான் மணம் வரும். ஆனால் விலையைப் பார்த்து எல்லாம் உள்ளே இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பல பைகளில் 2 கிலோவுக்குச் சற்று மேல்தான் மால்ட் இருக்கும், மீதியைத் தனியாக வாங்கிச் சேர்க்கச் சொல்லும். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்த பிறகு இது தெரிய வந்தால், அவசரத்துக்குச் சமையலறைச் சர்க்கரை உள்ளே போய்விடும்.

நாலைந்து லிட்டர் தரும் சின்ன தானியக் கிட்டுகளும் உண்டு. அதில் சாறு கிடையாது, உடைத்த பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், ஒரு கண்ணாடிக் குடுவை. 65 முதல் 68 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கழுவித் துடைப்பதையும் சேர்த்து அரைநாள் போய்விடும், கைக்கு வருவது எட்டுப் பத்துப் பாட்டில். காசுக் கணக்கில் கட்டுபடியாகாது. ஆனால் மாவுச்சத்து இனிப்பாக மாறுவதை நாக்கில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தக் கிட்டிலும் இல்லை. சின்ன அடுக்குமாடி வீடு, சமையலில் ஆசை, பொறுமையும் உண்டு என்பவர்கள் இதை எடுக்கலாம்.

இனி ஈஸ்ட். டின்னின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் 5 முதல் 7 கிராம் பொட்டலம் ஒன்று ஒட்டிக்கிடக்கும். மால்ட் சாறு இரண்டு வருஷம் கெடாது, ஈஸ்ட் அப்படியில்லை. கடை அலமாரியின் சூட்டில் மாதக்கணக்கில் இருந்தால் உயிரணுக்கள் குறைந்துகொண்டே போகும். அதனால் காலாவதி தேதி தூரத்தில் இருக்கும் டின்னாகப் பார்த்து எடுங்கள். இரட்டை டின் கிட்டுகளில் நொதித்தல் 1.020-ல் சண்டித்தனம் செய்து நின்றுவிடுவதாக அடிக்கடி கேட்கலாம். சோர்ந்த ஈஸ்ட்டும் குளிர்ந்த அறையும் அதற்கு முக்கியமான காரணங்கள். வாளியைச் சற்று வெதுவெதுப்பான இடத்துக்கு நகர்த்தி, மூடியைத் திறக்காமல் மெல்லச் சுழற்றிவிட்டால் பல சமயம் மீண்டுவிடும். எந்தக் கிட் வாங்கினாலும் கூடவே 11.5 கிராம் நல்ல ஏல் ஈஸ்ட் ஒன்று, சஃபேல் எஸ்-04 அல்லது யூஎஸ்-05, வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். கிட்டுக்குச் செலவழித்த பணத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

'லாகர்' என்று பெயர் போட்ட பல கிட்டுகளுக்குள் இருப்பதும் ஏல் ஈஸ்ட்தான். உண்மையான லாகர் ஈஸ்ட்டுக்கு 10 முதல் 14 டிகிரி வரை சில வாரங்கள் வேண்டும். அதற்கென ஒரு ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் அந்தப் பெயரை நம்பி வாங்க வேண்டாம். ஏலுக்கு 18 முதல் 22 டிகிரி, பிரிட்டிஷ் வீடுகளில் வருஷத்தில் பாதி நாள் இது தானாகவே அமையும். சிங்கப்பூர் வீட்டின் 30 டிகிரியில் சாதாரண ஏல் ஈஸ்ட் பெயின்ட் தின்னர் வாடை வீசும் பீரைத்தான் தரும். அங்கிருப்பவர்கள் கிட்டின் ஈஸ்ட்டை எடுத்து வைத்துவிட்டு நார்வேயின் வோஸ் பகுதிப் பண்ணை ஈஸ்ட்டான க்வைக்கை வாங்குங்கள். 35 டிகிரி சூடெல்லாம் அதற்கு இதமானது.

முதல்முறை வாங்குகிறவருக்குப் பாத்திரமும் வேண்டும். கடைகள் கிட்டையும் பாத்திரத்தையும் சேர்த்து 'ஸ்டார்ட்டர் கிட்' என்று விற்கும். அதில் மூடியோடு 25 லிட்டருக்கு மேல் கொள்ளும் வாளி, சைபன் குழாய், வெப்பமானி, கழுவிய பின் அலச வேண்டாத கிருமிநீக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக ஹைட்ரோமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ரோமீட்டர் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். மூடியில் வாயு வெளியேறும் ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது, மூன்று நாள் ஒரே எண் காட்டினால்தான் சொல்லலாம். அவசரப்பட்டு அடைத்த கண்ணாடிப் பாட்டில் வெடிக்கும். கிட் தாளில் 'ஒரு வாரம்' என்று போட்டிருந்தாலும் இரண்டு வாரம் வாளியிலேயே விடுங்கள். 23 லிட்டருக்கு 46 அரை லிட்டர் பாட்டில் வேண்டும். முதல் தடவைக்குப் பழுப்பு நிற பிளாஸ்டிக் பாட்டில் போதும், காற்று ஏறியதா என்பது அமுக்கிப் பார்த்தாலே தெரியும். பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி சர்க்கரை போடுங்கள். சமையலறைச் சர்க்கரைக்கு நான் ஒத்துக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான். குழாய் நீரில் குளோரின் இருந்தால் பீரில் மருந்து வாடை அடிக்கும். முதல் நாளே மொத்தத் தண்ணீருக்கும் சேர்த்து அரை கேம்டன் மாத்திரை போட்டால் அது போய்விடும்.

ரகத்தில் எதை எடுப்பது? பிட்டரோ ஸ்டவுட்டோ எடுங்கள். வறுத்த மால்ட்டின் சுவை, சூடு ஒன்றிரண்டு டிகிரி தவறிய சின்னக் குறைகளை மூடிவிடும். ஐபிஏ-யின் ஹாப்ஸ் மணம் பாட்டிலில் இரண்டு மாதத்துக்குள் மங்கத் தொடங்கும், வேகமாகக் குடித்து முடிக்கும் கூட்டம் வீட்டில் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். ஸ்டவுட் வைக்க வைக்கத் தேறும். செப்டம்பர் தொடக்கத்தில் ஊற்றி வைத்தால், இரண்டு வாரம் வாளியிலும் இரண்டு வாரம் வெதுவெதுப்பான அறையிலும் இருந்து, மீதி நாள் குளிர்ந்த கொட்டகையில் கிடந்து, கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சரியாக வந்து நிற்கும்.