புது பம்பும் ஏன் கத்துது?

பவர் ஸ்டியரிங் பம்பை மாத்துறது பெரிய வேலை இல்லை. ஒரு பெல்ட், இரண்டு ஹோஸ், நாலைந்து போல்ட். ஆனால் மாட்டின புது பம்பும் பழையது மாதிரியே "ஙொய்ய்"னு கத்த ஆரம்பிச்சா என்ன செய்வீங்க? மூணாவது பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டை ஒருமுறை தூசி தட்டுங்க.

பொலிரோ பிக்கப் மாதிரி ஒரு டீசல் லோடு வண்டியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பலாப்பழ லோடோடு இறங்கும்போது பம்ப் நின்றுவிட்டால் சக்கரம் திரும்பாமல் போகாது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. ஆனால் எண்ணெய் செய்த வேலையை டிரைவரின் தோள் செய்ய வேண்டும். அடுத்த வளைவுக்குள் அதற்குப் பழகுவது சுலபமில்லை.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது வேன் பம்ப். உள்ளே ஒரு ரோட்டார், அதன் பிளவுகளில் வழுக்கி நகரும் தகடுகள். சுற்றும்போது தகடுகள் வெளிப்பக்க வளையத்தை ஒட்டித் தேய்த்தபடி எண்ணெயை இழுத்துத் தள்ளும். தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். அது போனால் இரும்பை இரும்பு தின்னும்.

பம்ப் கத்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பம்பை அல்ல, காற்றை. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் சக்‌ஷன் ஹோஸில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அங்கே கிளாம்ப் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ எஞ்சின் ஓடும்போது எண்ணெய் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். "லீக்கே இல்லையே தம்பி" என்று மெக்கானிக் அண்ணன் சொல்வது உண்மைதான். ஆனாலும் டேங்கைத் திறந்தால் எண்ணெய் நுரைத்துக் கிடக்கும். டேங்கின் அடியில் வலை இருந்தால், அது அடைத்திருந்தாலும் பம்ப் பட்டினி கிடந்து இதே சத்தம் போடும். பெல்ட் வழுக்கினாலும் ஸ்டியரிங் கனமாகும். இதையெல்லாம் பார்த்த பிறகும் பம்ப்தான் என்றால் கழற்றுங்கள்.

பேட்டரி நெகட்டிவை எடுங்க. எஞ்சின் ஆறட்டும். பெல்ட்டைக் கழற்றி, ஹோஸ்களின் அடியில் ஒரு டப்பா வைத்து எண்ணெயை இறக்குங்க. ஹோஸ் வாயில் பனியன் வேஸ்ட்டைத் திணிக்காதீர்கள்; அதன் நூல் நேராக வால்வுக்குப் போகும். பிளாஸ்டிக் மூடி போதும். புல்லி ஷாஃப்ட்டில் இறுக்கி ஏற்றிய வகையாக இருந்தால் புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் அந்த அடி நேராக உள்ளே பேரிங்குக்கும் ரோட்டாருக்கும் போய்ச் சேரும். பிரஷர் ஹோஸ் முனையில் காப்பர் வாஷர் இருந்தால் புதுசு போடுங்க.

இறக்கிய எண்ணெயை வெளிச்சத்தில் பாருங்க. மினுமினுவென்று பொடி தெரிந்தால் அது செத்த பம்பின் அஸ்தி. அதே பொடி ஹோஸிலும் ஸ்டியரிங் பாக்ஸிலும் கிடக்கும். ரிட்டர்ன் ஹோஸைத் தனியே டப்பாவில் விட்டு, புது எண்ணெய் ஊற்றிக் கழுவாமல் புது பம்பை மாட்டினால் அது முதல் நாளே அந்தப் பொடியைக் குடிக்கும். எந்த எண்ணெய் என்று மேனுவலைப் பாருங்க. பிரேக் ஆயில் மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கிருக்கும் சீல்கள் அதில் ஊறி உப்பிப் போகும்.

இனிதான் முக்கியமான இடம். மாட்டியதும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க கை துடிக்கும். வேண்டாம். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்புங்க. எஞ்சின் ஓடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக 15, 20 தடவை திருப்புங்க. ஒரு ஆள் திருப்பணும், இன்னொரு ஆள் டேங்கைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்கணும். குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் பண்ணி, ஐடிலில் மறுபடி திருப்புங்க. எண்ணெய் பால் மாதிரி வெளுத்தால் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். காற்று தானாக மேலே வரட்டும்.

கோடியில் அழுத்திப் பிடிக்கவே கூடாது. ஏன்னு கணக்குப் போடுவோம். அழுத்தம் 80 பார், ஓட்டம் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று வைத்தால் திறன் சுமார் 1,070 வாட். நம்ம ஹாஸ்டலில் வார்டனுக்குத் தெரியாமல் இருக்கும் ஹீட்டர் ராட் அளவு! ஃபுல் லாக்கில் சக்கரம் நகராததால் அத்தனையும் ரிலீஃப் வால்வு வழியாகச் சூடாகத்தான் மாறும். அமைப்பில் ஒரு லிட்டர் எண்ணெய் இருந்தால், அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1,700 ஜூல் போதும். அதாவது நொடிக்கு 0.6 டிகிரி. இருபது நொடி பிடித்தால் 12 டிகிரி. சூடான எண்ணெய் நீர்த்துப் போகும், படலம் மெலியும். புது பம்புக்கு அதுதான் கெட்ட நேரம்.

அமெரிக்காவின் ஃபோர்டு சூப்பர் டியூட்டி டீசல் பிக்கப்புகளில் இந்த வேலைக்கு இன்னொரு கனம் உண்டு. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி மேனிஃபோல்டில் வெற்றிடம் கிடைக்காது. நம்ம ஊர் வண்டிகளில் அதற்குத் தனி வேக்குவம் பம்ப் வைக்கிறார்கள். அங்கே ஹைட்ரோபூஸ்ட் என்ற அமைப்பு, ஸ்டியரிங் பம்பின் எண்ணெயை வைத்தே பிரேக்குக்கும் உதவுகிறது. அதனால் ஏர் எடுக்கும்போது பிரேக்கையும் மிதிக்க வேண்டும். பம்ப் போனால் கையும் காலும் சேர்ந்து கனக்கும்.

வண்டியை இறக்கி, காலி இடத்தில் ஓட்டிப் பாருங்க. எண்ணெய் அளவையும் பெல்ட் இறுக்கத்தையும் மறுநாள் ஒருமுறை பாருங்க; புது பெல்ட் என்றால் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.