அஸ்த்ரா அடுப்பு புகையாமல் எரிய...

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய அஸ்த்ரா மையம் உருவாக்கியதுதான் 'அஸ்த்ரா ஒலெ' என்னும் புகைபோக்கி வைத்த மூன்று பாத்திர விறகடுப்பு. இதையோ இதுபோன்ற அடுப்பையோ வைத்திருப்பவர்களுக்கு:

விறகுதான் முக்கியம். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை விட்டு விட்டுப் பெய்வதால், கோடையிலேயே பிளந்து, தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கி வையுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் 'டக்'கென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஈரம் இருக்கிறது. பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

மெல்லிய துண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, அடுப்பின் கதவை மூடிவிடுங்கள். பாத்திரம் குழியில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். மூன்றாவது குழியில் சமையல் இல்லையா? தண்ணீர்ப் பானையை வையுங்கள். திறந்து விட்டால் புகை அடுப்படிக்குத்தான் வரும்.

கம்பித் தட்டின் கீழே சாம்பல் சேர்ந்தால் காற்று ஏறாது. பற்றவைக்கும் முன் தினமும் அள்ளிவிடுங்கள். புகைபோக்கியில் படியும் கரி தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, மாதம் ஒருமுறை நீளக் கம்பில் சாக்குத் துணி கட்டி இழுத்துத் துடையுங்கள். அடுப்பில் விழும் விரிசலை மண்ணும் சாணமும் குழைத்து அன்றே பூசுங்கள்.

டிசம்பர் குளிரிலும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.