ஜிர்காட்டாங்கில் லென்ஸை மூடுங்கள்

*பயணப் புகைப்படம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் ஸ்டுடியோ நடத்தும் புகைப்படக்காரர் பதில் சொல்கிறார்.*

கேள்வி: குடும்பத்தோடு அந்தமான் வந்து நிறையப் படம் எடுத்தேன். ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் கடல் வெளுத்துப் போயிருக்கிறது, முகமெல்லாம் கறுத்திருக்கிறது. என்னுடைய கேமராவில் கோளாறா?
*— தாம்பரம் வாசகர்*

கேமராவில் கோளாறு இல்லை. நீங்கள் எழுந்த நேரத்தில்தான் கோளாறு. ஓட்டலில் இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்கு ஜெட்டிக்கு வந்திருப்பீர்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். அது அலகாபாத்துக்கு அருகே ஓடும் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாங்களோ அதற்குப் பத்து டிகிரி கிழக்கே இருக்கிறோம். மே, ஜூனில் ஐந்து மணிக்கே இங்கே விடிந்துவிடும். எட்டு மணி என்றால் உங்கள் ஊர் ஒன்பது மணி வெயில். டிசம்பரில் மாலை ஐந்தைத் தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும். ஆறு மணிக்குக் 'கோல்டன் லைட்' தேடி வருபவர்கள் இருட்டில் நிற்கிறார்கள். சாத்தாமிலிருந்து பாம்பூஃப்ளாட் வரும் அதிகாலை ஃபெரியில் ஏறுங்கள். மீன் கூடையோடு வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், பின்னால் சாத்தாம் மரமில், தண்ணீரில் சாய்ந்து விழும் வெளிச்சம் எல்லாம் அந்தக் கால்மணி நேரப் பயணத்திலேயே கிடைக்கும். அந்தப் பெண்களிடம் "எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கேள்வி: முதல்முறை வெளிநாடு போகிறேன். எந்த கேமரா வாங்கலாம்?
*— மதுரை வாசகி*

கையில் இருப்பதே போதும். மிச்சப் பணத்தில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.

கேள்வி: லென்ஸுக்குள் வெள்ளை நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் போகும் என்கிறார்களே?
*— ஸ்டீவர்ட்கஞ்ச் வாசகர்*

போகாது. அது பூஞ்சை. அரிசி அதைக் கொல்லாது. மாவுத்தூள் உள்ளே போய் இன்னொரு வேலை வைக்கும். இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவரே இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த செருப்பு பச்சை பூப்பதைப் பார்த்ததில்லையா? லென்ஸைத் தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் பீரோவில் பூட்டினால் அதற்கும் அதே கதிதான்.

லென்ஸைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் தடம் நிற்கும், பரவாயில்லை, படம் வரும். இனிமேல் ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சூடுகாட்டித் திரும்பப் போடலாம். வசதி இருந்தால் டிரை கேபினெட் வாங்கி ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். எல்லாவற்றையும்விட, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூஞ்சை அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது.

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஜிபூட்டியில் சில நாள் நிற்போம். அந்த நாட்டுக்கு யாருமே சுற்றிப்பார்க்கப் போவதில்லை என்கிறார்கள். படமெடுக்க என்ன இருக்கிறது? ஏதாவது ஆபத்து உண்டா?
*— பாம்பூஃப்ளாட் வாசகர்*

தம்பி, நம் ஊர்ப் பிள்ளை ஆப்பிரிக்காவில் படமெடுக்கப் போவது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் துறைமுகம். செங்கடலின் வாயில் இருக்கும் இந்தச் சிறிய நாட்டில் பிரெஞ்சு, அமெரிக்க, ஜப்பானியப் படைகள் தளம் வைத்திருக்கின்றன. 2017இல் சீனாவும் திறந்துவிட்டது. நம் போர்ட் பிளேர் துறைமுகத்தில் கடற்படைப் பக்கம் கேமராவைத் திருப்பினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். அங்கே அதைவிடக் கடுமை. துறைமுகம், விமான நிலையம், பாலம், சீருடைக்காரர் என்று எதையும் எடுக்காதே. கப்பல் மேல்தளத்திலிருந்து செல்ஃபி என்றாலும் பின்னணியில் என்ன நிற்கிறது என்று பார்த்துக்கொள்.

இரண்டு பேர் சேர்ந்து வண்டி பிடித்து அசால் ஏரிக்குப் போங்கள். கடல் மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே, ஆப்பிரிக்காவிலேயே தாழ்வான இடம். கரையெல்லாம் உப்பு, சுற்றிலும் கறுத்த எரிமலைப் பாறை. கேமரா அந்த வெண்மையைப் பார்த்து மிரண்டு படத்தைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி வை. லென்ஸை அங்கே மாற்றாதே. உப்புத்தூள் நம் கடற்காற்றைவிடக் கொடியது. கப்பல் ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுபோனால் கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திற.

காலையிலேயே கிளம்பிவிடு. மதியவாக்கில் எத்தியோப்பியாவிலிருந்து காட் என்ற போதை இலை வந்து இறங்கும். அதை மென்றுகொண்டு உட்கார்ந்துவிட்டால் ஊரே அசையாது, உன் டிரைவரும்தான்.

இனி மனிதர்கள். உப்பு ஏற்றிப் போகும் அஃபார் மக்களும் அவர்களுடைய ஒட்டகங்களும் கண்ணில் பட்டால் விரல் துடிக்கும். வண்டியிலிருந்து சுடாதே. இறங்கு, சலாம் சொல், கேமராவைக் கீழே தொங்கவிட்டு நில். அவர் தலையாட்டினால் எடு. முகத்தைத் திருப்பினால் ஒட்டகத்தையும் எடுக்காதே. அது அவருடைய ஒட்டகம். உப்புக் கற்கள் விற்பார்கள், விலை கொடுத்து வாங்கு. படத்துக்கு இவ்வளவு என்று காசு பேசாதே. பக்கத்து எத்தியோப்பியாவில் ஓமோ பள்ளத்தாக்கின் முர்சி மக்களைப் பயணிகள் அப்படித்தான் பழக்கிவிட்டார்கள். ஒரு சொடுக்குக்கு இவ்வளவு என்று ஆனதும், கேமராவுக்காகவே அலங்காரத்தை ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும் நிலை வந்தது. அங்கே எடுத்த படங்களில் பாதி, அவர்கள் வாழ்க்கையைக் காட்டுவதில்லை. பயணிகள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன.

கேள்வி: அடுத்த வாரம் பாராடாங் போகிறோம். வழியில் ஜாரவா மக்கள் தென்படுவார்களாம். ஓடும் காரின் கண்ணாடி வழியாக எடுக்க என்ன ஷட்டர் ஸ்பீடு? 70-300 லென்ஸ் போதுமா?
*— கோயம்புத்தூர் வாசகர்*

எந்த ஸ்பீடும் சொல்ல மாட்டேன். ஜாரவா காட்டுக்குள் சாலை நுழையும் முன் வரும் ஜிர்காட்டாங் செக்போஸ்ட்டில் லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டு, பையை டிக்கியில் வையுங்கள். போனையும் அணைத்துவிடுங்கள்.

சட்டம் முதலில். 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியும், அதன் 2012 திருத்தமும் இருக்கின்றன. ஜாரவா பகுதியில் படம் பிடித்தால் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அந்தத் திருத்தம் வந்த ஆண்டின் தொடக்கத்தில்தான், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த ஒரு வீடியோ உலகம் முழுக்கப் போய் நாம் எல்லோரும் தலைகுனிந்தோம். ஜாரவா காட்டுக்குள் போகும் அந்தச் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லியிருந்தது. இன்றும் கான்வாய் கான்வாயாக வண்டிகள் போகின்றன.

எனக்குச் சட்டத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. இந்தத் தீவுகளில் கேமராவின் சரித்திரமே சரியில்லை. எங்கள் ஊருக்கு மேலே நிற்கும் மலையை 2021 வரை மவுண்ட் ஹேரியட் என்றோம். இப்போது மவுண்ட் மணிப்பூர். அந்த ஹேரியட் டைட்லர் யார் தெரியுமா? 1860களில் இங்கே கண்காணிப்பாளராக இருந்த டைட்லரின் மனைவி. அதற்கு முன், 1858இல் கணவரோடு சேர்ந்து டெல்லி, லக்னோ இடிபாடுகளைப் படம் பிடித்த கேமராக்காரி. அவர் எடுத்தது பெரும்பாலும் கட்டடங்களை. அவருக்குப் பின் வந்த எம். வி. போர்ட்மன் என்ற அதிகாரி மனிதர்களை எடுத்தார். அந்தமானியரைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிர்வாணமாக நிறுத்தி, பூச்சி மாதிரியை அளப்பதுபோல அளந்து எடுத்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு ஆல்பமாக அனுப்பினார். இதே போர்ட்மன்தான் 1880இல் வடசென்டினல் தீவிலிருந்து ஆறு பேரைப் பிடித்து வந்தவர். வந்த வேகத்தில் நோய் கண்டு, அவர்களில் வயதான இருவர் இறந்துபோனார்கள். படங்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. படத்தில் நின்ற கிரேட் அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். இன்று சில பத்துப் பேர்.

ஜாரவாக்கள் சில நூறு பேர்தான். 1990களின் கடைசியில் அவர்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கியதும் தட்டம்மை பரவியது. நீங்கள் ஒரு படத்துக்காகக் காரை மெதுவாக ஓட்டச் சொன்னால் பின்னால் வரும் வண்டியும் நிற்கும், யாரோ பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுவார்கள், ஒரு குழந்தை ஓடிவரும். அத்தனையும் உங்கள் லென்ஸிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் ஜெட்டியில் வெஹிக்கிள் ஃபெரியிலிருந்து இறங்கும் கார்களில் ஜன்னலோரம் பெரிய லென்ஸைப் பார்த்தாலே என் வயிறு எரியும். பாராடாங்கில் சேற்று எரிமலை இருக்கிறது, சுண்ணாம்புக் குகை இருக்கிறது, அலையாத்திக் காட்டுக்குள் படகு போகிறது. மூன்று நாளுக்குப் படம் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து கடல்வழியாகவும் பாராடாங் போகலாம். அப்படிப் போனால் நான் உங்களை மனதார வாழ்த்துவேன்.

கேள்வி: எனக்கு டிராவல் போட்டோகிராபி ஆசை. ஆனால் வெளியூர் போகப் பணமில்லை. எங்கள் ஊரில் எடுக்க ஒன்றுமில்லை.
*— விம்பர்லிகஞ்ச் கல்லூரி மாணவி*

அம்மா, பத்து லட்ச ரூபாய் செலவழித்து உலகம் உங்கள் ஊருக்கு வருகிறது. பங்குனி உத்திரத்தன்று வெற்றிமலை முருகன் கோயிலில் காவடி எடுப்பவர்களில் உங்கள் உறவினர் ஒருவராவது இருப்பார். விரதம் தொடங்கும் நாளிலிருந்து அவர் கூடவே இருங்கள். அலகு குத்தும் நேரத்தில் மட்டும் வந்து நெருக்கி எடுப்பவர்களுக்கு அந்த வீட்டு அடுப்படி கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்கும்.

இன்னொரு வேலையும் தருகிறேன். 2004இல் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்கள் உப்புநீருக்குள் போயின. நெல் விளைந்த இடத்தில் இன்று நீர்ப்பறவைகள் நிற்கின்றன. அந்த வயல்களின் பழைய படங்கள் சொந்தக்காரர் வீட்டு ஆல்பங்களில்தான் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் ஒட்டிப்போவதற்குள் கேட்டு வாங்கி நகல் எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். பிறகு அதே இடத்தில் அதே கோணத்தில் நின்று நீங்கள் ஒன்று எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நகலெடுக்கும் முறையைத் தெரிந்துகொள்ள ஸ்டுடியோவுக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன்.

கேள்வி: டிரோன் கொண்டு வரலாமா?
*— பெங்களூரு வாசகர்*

நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி கையில் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இது முப்படையும் சேர்ந்த கமாண்ட் இருக்கும் இடம்.