பாதியில் நின்ற சீசன்: யார் மேலே, யார் கீழே?

ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவின் கிளப் ஜெர்சி புல்ஸ். இங்கிலாந்துக் கால்பந்தின் பத்தாம் படியில் 2019-20தான் அவர்களுக்கு முதல் சீசன். 27 லீக் ஆட்டங்கள் ஆடினார்கள், 27-லும் வென்றார்கள். போட்ட கோல்கள் 99. மேல் டிவிஷனுக்குப் போவது உறுதியாகிவிட்ட நேரத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில், அந்தப் படியையும் சேர்த்துக் கீழ்ப் படிகளில் ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் எல்லாமே அழிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. சிலேட்டைத் துடைத்த மாதிரி, 27 வெற்றிகளும் போயின.

சீசன் நடுவில் நின்றுபோனால் லீக் நிர்வாகிகளுக்கு முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. 2020-இல் அவை எல்லாவற்றையும் ஏதாவது ஒரு நாடு செய்து பார்த்துவிட்டது. அதனால் எந்த வழியில் போனால் எங்கே முட்டும் என்று இன்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே சொல்லலாம்.

முதல் வழி, மேலே சொன்ன அழிப்பு. இது பொருத்தமாக அமைந்த தருணம் 1939 செப்டம்பர். இங்கிலாந்து லீக்கில் தலா மூன்று ஆட்டம் முடிந்திருந்தபோது உலகப் போர் மூண்டது. மூன்றையும் வென்ற பிளாக்பூல் முதலிடத்தில் இருந்தது. மூன்று ஆட்டத்தை அழித்ததில் பிளாக்பூலுக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனால் அநியாயம் என்று சொல்ல முடியாது. நான்கில் மூன்று பங்கு முடிந்த சீசனை அழிப்பது வேறு கதை. 2020-இல் இங்கிலாந்தின் நார்தர்ன் பிரீமியர் லீக்கில் 12 புள்ளி முன்னிலையில் இருந்த சவுத் ஷீல்ட்ஸ், அன்று கை நழுவிய இடத்தைப் பிடிக்க 2023 வரை காத்திருந்தது. விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்டங்கள் முடிந்திருந்தால் மட்டுமே இந்த வழியை நினைக்கலாம்.

இரண்டாவது வழி நெதர்லாந்து எடுத்தது. ஆட்டங்களை அழிக்கவில்லை. பட்டியலை அப்படியே உறைய வைத்து, சாம்பியனும் இல்லை, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்று 2020 ஏப்ரல் 24 அன்று அறிவித்தார்கள். மேல் டிவிஷனில் அயாக்ஸும் ஏ.இசட். அல்க்மாரும் 56 புள்ளிகளுடன் சமமாக நின்றதால், சாம்பியன் இல்லை என்பதை ஊர் ஒருவாறு ஜீரணித்துக்கொண்டது. கீழ் டிவிஷனின் முதலிடத்தில் இருந்த காம்பூர் மூன்றாம் இடத்தைவிட 11 புள்ளி மேலே இருந்தது. அடுத்த இடத்தில் டி கிராஃப்ஸ்காப். இந்த இரண்டையும் மேலே ஏற்றலாமா என்று 34 கிளப்களிடம் கருத்துக் கேட்டார்கள். 16 ஆம் என்றன, 9 இல்லை என்றன, 9 எந்தப் பக்கமும் சாயவில்லை. தெளிவான பெரும்பான்மை இல்லை என்று சொல்லி, கால்பந்து சங்கம் ஏற்றத்தை நிறுத்திவிட்டது. இரண்டு கிளப்களும் உட்ரெக்ட் நீதிமன்றம் போய்த் தோற்றன.

யாரையும் தொடாமல் விட்டால் யாருக்கும் பாதகமில்லை என்று தோன்றும். அது தோற்றம்தான். தொடாமல் விட்டதில் மேல் டிவிஷனின் கடைசி இரண்டு இடங்களில் கிடந்த ஏ.டி.ஓ. டென் ஹாக்கும் ஆர்.கே.சி. வால்வைக்கும் பிழைத்துக்கொண்டன. அதற்கு விலை கொடுத்தவை காம்பூரும் டி கிராஃப்ஸ்காப்பும். மறு சீசனில் காம்பூர் மீண்டும் முதலிடம் பிடித்து மேலே போனது, டென் ஹாக் கடைசி இடத்தில் முடித்துக் கீழே வந்தது. டி கிராஃப்ஸ்காப்புக்குத்தான் பாவம், வெறும் கோல் வித்தியாசத்தில் மறுபடியும் வாய்ப்புப் போயிற்று.

மூன்றாவது வழிதான் அதிகம் பேசப்பட்டது: ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரி. எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் ஆடாதபோது, எடுத்த புள்ளியை ஆடிய ஆட்டத்தால் வகுத்துவிடுவது. கேட்க எளிது. ஸ்காட்லாந்தின் இரண்டாம் டிவிஷனில் அது எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். குயீன் ஆஃப் தி சவுத் 28 ஆட்டத்தில் 28 புள்ளி, சராசரி சரியாக 1. பார்ட்டிக் திசில் 27 ஆட்டத்தில் 26 புள்ளி, சராசரி 0.96. கையில் மிச்சமிருந்த அந்த ஓர் ஆட்டத்தைப் பார்ட்டிக் வென்றிருந்தால் 29 புள்ளியுடன் மேலே ஏறியிருக்கும். ஆடாத ஆட்டத்துக்கு வகுத்தல் கணக்கு வெற்றியைத் தராது, பழைய சராசரியையே தரும். பார்ட்டிக் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது.

அதே கணக்கு வேறு இடத்தில் வரமாகவும் அமைந்தது. இங்கிலாந்தின் லீக் ஒன்னில் ஆட்டம் நின்றபோது வைகம் வாண்டரர்ஸ் எட்டாம் இடத்தில் இருந்தது, 34 ஆட்டம், 59 புள்ளி. சராசரி போட்டதும் மூன்றாம் இடத்துக்குத் தாவிவிட்டது. அதே 59 புள்ளியை 35 ஆட்டத்தில் எடுத்திருந்த பீட்டர்பரோ, ஆறிலிருந்து ஏழுக்கு நழுவி பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது. வைகம் அந்த பிளே-ஆஃபை வென்று, தன் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. பெண்கள் சூப்பர் லீக்கில் 16 ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்த மான்செஸ்டர் சிட்டி பட்டியலில் முதலிடம். 15 ஆட்டத்தில் 39 எடுத்த செல்சிக்குச் சராசரி 2.6, சிட்டிக்கு 2.5. கோப்பை செல்சிக்கு.

சராசரிக்குத் தெரியாத விஷயங்கள் பல. மிச்சமிருந்த எதிரணி பலசாலியா, சொந்த மைதான ஆட்டங்கள் எத்தனை பாக்கி, அணி இப்போது ஏறுமுகமா என்று அது பார்க்காது. லீக் ஒன்னிலிருந்து இறங்கிய டிரான்மியர் ரோவர்ஸ், நிற்பதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களையும் வரிசையாக வென்றிருந்தது. ஆகவே இடைவெளி பெரிதாக இருக்கும் இடத்தில் சராசரியை நம்பலாம், ஒரே ஆட்டத்தில் மாறக்கூடிய இடத்தில் அதை வைத்து ஒரு கிளப்பைக் கீழே தள்ளக் கூடாது என்பதே நியாயமாகப் படுகிறது.

பிரான்ஸ் இதை நீதிமன்றம் வரை பார்த்தது. 28 சுற்றுகளோடு லீக் முடிக்கப்பட்டது. 10 சுற்றுகள் பாக்கி இருக்க, நேரடி இறக்கத்திலிருந்து தப்பும் இடத்தைவிட 4 புள்ளி குறைவாக இருந்த அமியான் இறக்கப்பட்டது. கூடவே கடைசி இடத்தில் இருந்த துலூஸும். ஜூன் 9 அன்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், சீசனை முடித்தது செல்லும், ஆனால் இரு கிளப்களின் இறக்கத்தை நிறுத்திவைக்கிறோம், அடுத்த சீசனின் அமைப்பை மறுபடி யோசியுங்கள் என்றது. லீக் யோசித்தது. 22 கிளப்கள் வேண்டாம், 20 போதும் என்று வாக்களித்து, பழைய முடிவுக்கே வந்தது.

அந்த 22 கிளப் யோசனைதான் நான்காவது வழி: கீழே இருப்பவர்களை ஏற்று, மேலே இருப்பவர்களை இறக்காதே. இரக்கமான வழி. பந்தியில் இரண்டு இலை கூடுதலாகப் போடுவது போலத் தெரியும். பெல்ஜியம் அதைச் செய்தது. ஒரே ஒரு சுற்று பாக்கி இருக்கையில் கடைசி இடத்தில் இருந்த வாஸ்லாந்து-பெவரன் வழக்கு மேல் வழக்குப் போட்டது. ஜூலை கடைசியில் கிளப்கள் கூடி, அதையும் விட்டுவைப்போம், கீழேயிருந்து பீர்ஸ்காட், லூவன் இரண்டையும் ஏற்றுவோம் என்று முடிவெடுத்தன. 16 கிளப் லீக் 18 ஆனது. ஆட்ட நாட்கள் கூடின, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆறு அணிகளிலிருந்து நான்காகச் சுருங்கியது. பிழைத்த வாஸ்லாந்து-பெவரன் மறு சீசனிலேயே இறங்கிவிட்டது. பழைய 16-க்குத் திரும்ப 2022-23 சீசனில் மூன்று கிளப்களை நேரடியாக இறக்க வேண்டியிருந்தது. 2020-இல் ஒரு கிளப்புக்குக் கொடுத்த சலுகையின் கடனை, அந்த வழக்கோடு சம்பந்தமே இல்லாதவர்கள் 2023-இல் கட்டினார்கள். இந்த வழியை எடுப்பவர்கள், எந்த ஆண்டில் எத்தனை பேரை இறக்கிக் கணக்கை நேர் செய்வோம் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுவது நல்லது.

அர்ஜென்டினாவில் இறக்கத்தையே 2022 வரை ஒத்திவைத்தார்கள். அங்கே அப்போது இறக்கம் பல சீசன்களின் சராசரியை வைத்துத்தான் நடந்தது. அந்தப் பட்டியலில் கீழே தத்தளித்துக்கொண்டிருந்த ஹிம்னாசியா லா பிளாட்டாவின் பயிற்சியாளர் அப்போது மரடோனா. இந்தியாவின் ஐ-லீக்கிலும் இறக்கம் வேண்டாம் என்றுதான் முடிவானது. சென்னை சிட்டியும் ஆடிய அந்த சீசனில், நான்கு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே மோகன் பகான் 39 புள்ளியுடன் பட்டத்தை உறுதி செய்திருந்ததால் முதலிடத்துக்கும் சண்டை வரவில்லை.

ஐந்தாவது, பிளே-ஆஃபை மட்டும் ஆடி முடிப்பது. மைதானத்தில் தீர்மானிப்பதால் ரசிகர் மனம் ஏற்கும். ஸ்பெயினின் மூன்றாம் படியில் 2020 ஜூலையில் ஏற்றத்துக்கான ஆட்டங்களை மட்டும் அவசரமாக நடத்தி, இறக்கத்தை ரத்து செய்தார்கள். விளைவு, 80 அணிகள் இருந்த டிவிஷன் 102 ஆகப் பெருத்தது.

வழி எதுவானாலும், அதைத் தேர்ந்தெடுக்கும் கை யாருடையது, எப்போது என்பதில்தான் பாதிச் சண்டை. மேற்சொன்ன நாடுகள் எல்லாம் பட்டியலைப் பார்த்துக்கொண்டே விதியைத் தேடின. யாருக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்த பிறகு நடக்கும் வாக்கெடுப்பில் கொள்கைக்கு இடமேது? முதல் விசில் ஊதுவதற்கு முன்பே, குறைந்தது இத்தனை பங்கு ஆட்டம் முடிந்தால் சராசரி, முடியாவிட்டால் அழிப்பு, இத்தனை புள்ளிக்குள் இடைவெளி இருந்தால் இறக்கம் இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாக் கிளப்பிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு வக்கீலுக்கு வேலை குறையும்.

எழுதி வைக்காததால் என்ன நடக்கும் என்பதற்கு 2020 ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை சாட்சி. ஸ்காட்லாந்தின் கீழ் டிவிஷன்களை அப்போதே முடித்துவிடும் தீர்மானத்துக்கு, மாலை ஐந்து மணிக்குள் பதில் தரும்படி கிளப்களிடம் கேட்டிருந்தார்கள். பரிசுத் தொகையும் அந்தத் தீர்மானத்தோடு கட்டப்பட்டிருந்தது. பணமுடை உள்ள கிளப் எப்படி வாக்களிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் டிவிஷனின் பத்து கிளப்களில் எட்டு ஆம் சொன்னால்தான் நிறைவேறும். ஏழு ஆம், இரண்டு இல்லை. எல்லோரும் டண்டீக்காகக் காத்திருந்தார்கள். டண்டீ 'இல்லை' என்று அனுப்பிய மின்னஞ்சல், லீக் அலுவலகத்தின் ஸ்பேம் தடுப்பில் மாட்டிக்கொண்டு உரிய நேரத்தில் யார் கண்ணிலும் படவில்லை. அதற்குள் அந்த வாக்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று டண்டீ சொல்லிவிட்டது. ஐந்து நாள் கழித்து 'ஆம்' என்று மாற்றிப் போட்டது. பார்ட்டிக் இறங்கியது. மே 18 அன்று மேல் டிவிஷனும் முடிக்கப்பட, எட்டு ஆட்டம் பாக்கி இருந்தும் நான்கு புள்ளிக் குறைவில் ஹார்ட்ஸ் இறங்கியது. இரண்டும் நீதிமன்றம் போய், அங்கிருந்து நடுவர் மன்றம் போய், தோற்றன. அடுத்த சீசனில் ஹார்ட்ஸும் பார்ட்டிக்கும் தத்தம் டிவிஷனில் முதலிடம் பிடித்துத் திரும்பின. ஹார்ட்ஸோடு சேர்ந்து, பிளே-ஆஃப் வழியாக மேலே வந்த கிளப் டண்டீ.