எஸ்.ஆர். என்றால் பவர் கூடவா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் மெட்ஃபார்மின் அட்டை இல்லாமல் இருப்பது அபூர்வம். சாதா மாத்திரை ஒன்று; பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று எழுத்து ஒட்டியது இன்னொன்று. அந்த இரண்டு எழுத்தைச் சுற்றித்தான் இத்தனை குழப்பமும்.

நம்பிக்கை: "எஸ்.ஆர்.க்குப் பவர் கூட. கவர்மெண்ட்ல தர்ற சாதா மாத்திரை கேக்காது."

உண்மை: இரண்டிலும் ஒரே மருந்துதான். சாதா மாத்திரை வயிற்றில் சீக்கிரம் கரைந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். எஸ்.ஆர். ஊறி உப்பி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். உச்சம் தொட ஏழு மணி நேரம்கூட ஆகலாம். நாள் மொத்தத்துக்கு ஒரே அளவு எடுத்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் சர்க்கரை நோய்க்குப் பலன் தருகிறது என்று வெளியிட்டது சாதா மெட்ஃபார்மினைத்தான். மெதுவாக விடும் வகைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2000இல். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வாசலுக்கே வரும் மாத்திரையை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, பவர் கூட என்று நம்பிக் கடையில் காசு கொடுப்பது வேதனையான வீண் செலவு.

அப்படியானால் எஸ்.ஆர். எதற்கு? வயிற்றுக்காக. மெட்ஃபார்மின் தொடங்கிய புதிதில் பலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு வரும். மெதுவாக விடும் வகையில் இந்தத் தொல்லை பலருக்குக் குறைகிறது. பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டோடு ஒரு வேளை போதும் என்பதால், ஷிஃப்ட் மாறி மாறி நூற்பாலைக்குப் போகிறவர்கள் காலை மாத்திரையைத் தவறவிடும் சிக்கலும் இல்லை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் எந்தச் சாப்பாட்டோடு போடுவது என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: "பெரியவங்களுக்கு முழுங்க முடியல. பொடிச்சுத் தண்ணில கலக்கிக் குடுத்துரலாம்."

உண்மை: எஸ்.ஆர். மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, மெல்லவும் கூடாது. நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமம் என்றால் டாக்டரிடம் சொல்லி சாதா மாத்திரைக்கு மாறலாம், அதைப் பொடிக்கலாம்.

நம்பிக்கை: "மாத்திரை கரையாம மலத்துலயே வந்துருச்சு."

உண்மை: வந்தது வெறும் கூடு. மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது. இன்னொன்று போட வேண்டாம்.

நம்பிக்கை: "மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும்."

உண்மை: கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. மெட்ஃபார்மின் மாறாமல் சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் தேங்கும். அதனால்தான் கிரியாட்டினின் பார்க்கச் சொல்கிறார்கள். சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 30க்குக் கீழே போனால் எந்த வகை மெட்ஃபார்மினும் ஆகாது. 30க்கும் 45க்கும் இடையில் டாக்டர் அளவைக் குறைப்பார். பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "பேரு வேற, அப்ப மருந்தும் வேற."

உண்மை: என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். எம்1, எம்2 என்று முடியும் மாத்திரைகள் பலவற்றில் கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தோடு மெட்ஃபார்மினும் சேர்ந்தே இருக்கிறது. ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் அதை எழுதித் தந்திருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் தனித்தனியாகத் தந்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் மருந்து இரட்டிப்பு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது, கிளிமிபிரைடு இறக்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் என்று தொடங்கி, கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மெடிக்கலில் நாலு மாத்திரை வெட்டித் தரும்போது பெயர் உள்ள பகுதி பல சமயம் அவர்கள் கையிலேயே தங்கிவிடுகிறது. முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், அரசு தந்தது, கடையில் வாங்கியது, பாதியில் விட்டது உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் அவர் மேஜையில் பரப்பிக் காட்டுங்கள்.